ஒரே லேன் கார்டில் பல மேக் முகவரிகள்

மதுரை தெற்கு மாசி வீதியில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் என் சித்தப்பா, பில் போடும் மென்பொருள், கேமராப் பதிவு, கணக்குக் கோப்புகளின் நகல் ஆகிய மூன்றையும் கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் ஒரே கணினியில் இயக்க விரும்பினார். அந்தக் கணினியில், நெட்வொர்க் கம்பியைச் செருகும் லேன் கார்டு ஒன்றுதான் உண்டு. கடையின் ரவுட்டரோ, நெட்வொர்க்கில் ஒவ்வொரு இணைப்பையும் அடையாளம் காட்டும் மேக் முகவரியைப் பார்த்தே ஐபி முகவரி வழங்குகிறது. எதற்கு இணையத்தை அனுமதிப்பது, எதற்கு மறுப்பது என்பதையும் அதைக் கொண்டே முடிவு செய்கிறது. கேமராப் பதிவு இணையத்துக்குப் போகவே கூடாது என்பதில் சித்தப்பா உறுதியாக இருந்ததால், மூன்று சேவைகளுக்கும் தனித்தனி மேக் முகவரி தேவைப்பட்டது. பல ஐபி முகவரிகள் மட்டும் போதும் என்பவர்களுக்கு இந்தப் பாடு வேண்டியதில்லை. ஒரே மேக் முகவரியின் கீழ் பல ஐபி முகவரிகளை, இயங்குதளமான லினக்ஸ் எளிதாக ஏற்கும்.

லினக்ஸில் இதற்கென உள்ள வசதி மேக்விலான். 2007-இல் வெளிவந்த 2.6.23 கெர்னலிலிருந்தே (கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி) அது இருக்கிறது. லேன் கார்டுக்கு உரிய உண்மையான இடைமுகத்தின் (இதுவே தாய் இடைமுகம்) மீது மென்பொருளாலான கிளை இடைமுகங்களை உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் தனி மேக் முகவரி கொடுக்கலாம். 48 பிட் கொண்ட அந்த முகவரியை மனம்போனபடி எழுதிவிடக் கூடாது. முதல் பைட்டின் கடைசி பிட் 0 ஆக இருந்தால்தான் அது ஒரே இடைமுகத்துக்கு உரிய முகவரி; அதற்கு முந்தைய பிட் 1 ஆக இருந்தால்தான், அது தயாரிப்பாளர் அளித்தது அன்று, நாமே இட்டது என்று பொருள்படும். அதனால் நான் எல்லாவற்றையும் 02 என்றே தொடங்கினேன்.

கிளைகளைத் தமக்குள் நேராகப் பேச விடும் பிரிட்ஜ் முறையில் மூன்று கிளைகளை அமைத்ததும் மாடியில் இருந்த கணினிகளில் பில் மென்பொருள் உடனே திறந்தது. ஆனால் அது ஓடிக்கொண்டிருக்கும் அதே கணினியின் திரையில் மட்டும் திறக்கவில்லை. “இங்கன ஓடுறது இங்கனயே தெரியலையேப்பா?” என்று சித்தப்பா கேட்டார். ஃபயர்வால் விதிகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தே அந்த மாலை முழுவதும் கழிந்தது. பிழை அங்கே இல்லை. தாய் இடைமுகத்திலிருந்து புறப்படும் தரவு நேராகக் கம்பியில் இறங்கி, கணினிகளை இணைக்கும் ஸ்விட்சுக்குப் போகிறது. எந்தப் போர்ட்டில் (கம்பி செருகும் துளையில்) வந்ததோ அதே போர்ட்டில் ஸ்விட்ச் அதைத் திருப்பி அனுப்புவதில்லை. கிளைகள் தமக்குள் கெர்னலுக்குள்ளேயே பேசிக்கொள்ளும் என்பதால், கணினிக்கென்று நான்காவது கிளை ஒன்றை உருவாக்கி, அதன் ஐபி முகவரியைத் தாய் இடைமுகத்திலிருந்து எடுத்து அந்தக் கிளைக்கு மாற்றினேன். திரை உடனே திறந்தது. மேக்விலானைப் பற்றி எழுதுவோர், தாயும் கிளையும் நேராகப் பேசிக்கொள்ளாது என்ற இந்த ஒன்றை முதல் வரியிலேயே சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இதற்கு முன் வீட்டில் மடிக்கணினியின் வைஃபையில் ஒத்திகை பார்த்தபோது எந்தக் கிளைக்கும் ஐபி முகவரி கிடைக்கவில்லை. வைஃபை நிலையம் தன்னிடம் பதிந்துகொண்ட மேக் முகவரியிலிருந்து வருவதை மட்டுமே ஏற்கும் என்பதே காரணம். அத்தகைய இடங்களுக்கு, எல்லாக் கிளைகளும் ஒரே மேக் முகவரியைப் பகிரும் ஐபிவிலான் பொருந்தும். ஆனால் மேக் முகவரியை வைத்துப் பிரித்தறியும் ரவுட்டருக்கு அது உதவாது. முன்பு நான் பணியாற்றிய அலுவலகத்தில், ஒரு போர்ட்டில் இரண்டாவது மேக் முகவரி தென்பட்டதுமே ஸ்விட்ச் அந்தப் போர்ட்டை அடைத்துவிடும். அங்கெல்லாம் நெட்வொர்க் நிர்வாகியின் ஒப்புதல் பெற்ற பிறகே இதில் இறங்க வேண்டும்.

முகவரியை நாம் குறிப்பிடாவிட்டால், கிளையை உருவாக்கும்போது கெர்னல் தற்போக்காக ஒன்றை இட்டுவிடும். கணினியை அணைத்துப் போட்டால் அது மாறிவிடக்கூடும், ரவுட்டருக்கும் அடையாளம் தெரியாது. ஆகவே நான்கு முகவரிகளையும் தொடக்கக் கோப்பில் நிலையாக எழுதியதோடு, எந்த முகவரி எந்தச் சேவைக்கு உரியது என்று ஒரு தாளில் குறித்து, கணினியின் பக்கவாட்டில் ஒட்டிவிட்டு வந்தேன்.