டேவிஸா, ரிவர்சைடா?

ஜூன் 1-க்குள் பதில் சொல்லியாக வேண்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யூசி) இரண்டு வளாகங்களான யூசி டேவிஸ், யூசி ரிவர்சைடு இரண்டிலும் பூச்சியியல் பட்டப்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. டி ஆன்சா என்ற இரண்டாண்டுக் காலேஜை முடித்துவிட்டு நேராக மூன்றாம் ஆண்டில் சேர வேண்டியவள் நான். ரிவர்சைடு என்று முடிவு செய்துவிட்டேன். வீட்டில் இன்னும் யாரும் முழுதாகச் சமாதானம் ஆகவில்லை.

அம்மாவின் கேள்வி ஒன்றே ஒன்றுதான். "டேவிஸுன்னா சான் ஹோசேல ரயில் ஏறி நேரா போய் இறங்கிக்கலாம். எதுக்கு அவ்வளவு தூரம் தெற்கே போகணும்?" அப்பாவுக்கோ ஒட்டுமொத்தத் தரவரிசையில் எது மேலே என்பதுதான் கணக்கு. இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. டேவிஸ் லேசுப்பட்ட இடமே இல்லை. அங்கே உள்ள போஹார்ட் பூச்சி அருங்காட்சியகம் 1946-ல் தொடங்கியது. அதில் 70 லட்சத்துக்கும் மேற்பட்ட பூச்சிகளைப் பதப்படுத்தி வைத்திருக்கிறார்கள். அதை நிறுவிய ரிச்சர்ட் போஹார்ட் குளவிகளில் பெரிய நிபுணர். தேனீ ஆராய்ச்சிக்குத் தனி நிலையம் உண்டு. தேனீயோ வகைப்பாட்டியலோ என் விருப்பமாக இருந்திருந்தால் இரண்டாவது யோசனையே இல்லாமல் டேவிஸுக்குப் போயிருப்பேன்.

என் விருப்பம் ஒட்டுண்ணிக் குளவிகள். அதற்குக் காரணம் ராசிபுரம் பக்கம் மாமாவின் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) காடு. 2008-ல் கோயம்புத்தூரில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளியோடு நிற்காமல் மல்பெரி, குச்சிக்கிழங்கு என்று பரவியது. மருந்து அடித்து அடித்து ஓய்ந்துபோனதை மாமா இன்றைக்கும் சொல்வார். அந்தப் பூச்சியின் உடம்பு முழுக்க மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து உள்ளே இறங்காது. 2010-ல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற மிகச்சிறிய குளவியைத் தருவித்து விட்ட பிறகுதான் மாவுப்பூச்சி அடங்கியது. அந்தக் குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும்; புழு உள்ளேயே வளர்ந்து அதைத் தின்று முடிக்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒன்று அத்தனை காடுகளைக் காப்பாற்றியது என்ற செய்தி சின்ன வயதிலேயே எனக்குள் உட்கார்ந்துவிட்டது.

இதே வேலைக்குப் பேர்போன இடம் ரிவர்சைடு. அந்தப் பல்கலைக்கழகமே 1907-ல் தொடங்கிய ஓர் எலுமிச்சை, ஆரஞ்சு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வளர்ந்ததுதான். ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் பச்சையாதல் நோயைப் பரப்பும் சிலிட் பூச்சி 2008-ல் கலிஃபோர்னியாவுக்குள் வந்தபோது, ரிவர்சைடு ஆராய்ச்சியாளர்கள் பாகிஸ்தான் பஞ்சாபுக்குப் போய் டமாரிக்ஸியா என்ற குளவியைக் கொண்டுவந்தார்கள். வளாகத்திலேயே இருக்கும் தனிமைப்படுத்தும் கூடத்தில் வைத்து, அது வேறு பூச்சிகளுக்குக் கெடுதல் செய்யுமா என்று சோதித்து, 2011-ல் வெளியே விட்டார்கள். நகருக்குள் 1873-ஐச் சேர்ந்த பழைய நேவல் ஆரஞ்சு மரம் ஒன்று இன்னும் நிற்கிறது. சிலிட் அண்டாமல் இருக்க அதைச் சுற்றிக் கூண்டு போட்டிருக்கிறார்கள். நான் படிக்க நினைப்பது அந்த ஊரில் தெருவிலேயே நடந்துகொண்டிருக்கிறது!

தரவரிசை எனக்கு ஏன் உதவவில்லை என்றால், மாறிச் சேருகிறவர்களுக்குக் கையில் இருப்பது இரண்டே ஆண்டு. இரண்டு வளாகமும் குவார்ட்டர் முறை. பத்து வாரத்தில் ஒரு பாடம் முடிந்துவிடும். முதல் ஆண்டிலேயே சேர்ந்தவர்கள் அப்போதே ஆய்வகத்தில் நுழைந்திருப்பார்கள். நாம் போய் இறங்கிய உடனே கதவைத் தட்ட வேண்டும். அதனால் துறை ஆலோசகரிடம் நான் கேட்டது இதைத்தான்: எந்தெந்த மேல்நிலைப் பாடங்கள் ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் நடக்கின்றன, எதை முடித்தால்தான் அடுத்ததை எடுக்க முடியும், இளநிலை மாணவர்களை ஆய்வகத்தில் சேர்த்துக்கொள்கிறார்களா? பல்கலைக்கழகத்தின் பெயரைவிட இந்தப் பதில்கள்தான் நம் இரண்டு ஆண்டைத் தீர்மானிக்கும்.

இன்னும் காலேஜில் இருப்பவர்களுக்குச் சில விஷயங்கள். காலேஜில் படித்த எந்தப் பாடம் எங்கே செல்லும் என்று காட்டும் 'அசிஸ்ட்' இணையதளத்தில் ஒவ்வொரு வளாகத்துக்கும் தனித்தனியாகப் பாருங்கள். ஒரு வளாகம் கேட்கும் பாடத்தை இன்னொன்று கேட்காமல் இருக்கலாம். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி மாதிரித் தொடர் பாடங்களைப் பாதியில் விட்டுவிட்டு மாறாதீர்கள். உறுதி இடம் தரும் 'டேக்' திட்டம் ஆறு யூசி வளாகங்களில் உண்டு, ஆனால் ஒரு வளாகத்துக்குத்தான் போட முடியும். அதுவும் செப்டம்பர் மாதத்துக்குள். நான் அதை டேவிஸுக்குப் போட்டேன், ரிவர்சைடுக்குச் சாதாரண விண்ணப்பம் போட்டேன். அப்படி ஓர் இடம் கையில் உறுதியாக இருந்ததால்தான் நிதானமாக யோசிக்க முடிந்தது.

பணம் பெரிய விஷயமாக வரவில்லை. கலிஃபோர்னியாக்காரர்களுக்குப் படிப்புக் கட்டணம் எல்லா யூசியிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

அப்பா நேற்று ரிவர்சைடு வாடகைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா இன்னும் ரயில் அட்டவணையை விடவில்லை. இந்த வாரக் கடைசியில் மூவரும் ஒரு தடவை அங்கே போய்வருகிறோம். வந்ததும் சேருவதாக உறுதி சொல்லிவிடுவேன்.