தடைக்காலமும் கிரெடிட் கார்டும்: கடன் இருக்கும்போது விண்ணப்பிக்கலாமா?

மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. இராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் கார்டு பற்றிய விசாரிப்பு கூடுவது அதற்கு முந்தின வாரங்களில்தான். நகை ஏற்கெனவே அடகில் இருக்கும், மகளிர் குழுவில் தவணை ஓடும், வியாபாரியிடம் முன்பணமும் வாங்கியிருக்கும். அப்படிப்பட்டவர்களோடு உட்கார்ந்து காகிதம் பார்த்ததில் பிடிபட்ட வழி இது.

முதலில் எல்லாக் கடனையும் ஒரே தாளில், ஒரே அளவுக்கு மாற்றி எழுத வேண்டும். வங்கி வருஷ வட்டி சொல்லும். ஊரில் மாத வட்டி சொல்வார்கள். நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் வருஷத்துக்கு 24 சதவீதம். கார்டில் மாதம் 3.5 சதவீதம் என்றால் 42. அந்த வட்டி மேல் 18 சதவீத ஜிஎஸ்டி விழுந்தால் 49.5-ஐத் தாண்டும். வட்டிக்காரருக்குப் பயப்படுகிறவர்கள் கார்டுக்குப் பயப்படாதது ஏனோ!

வியாபாரி முன்பணத்துக்கு வட்டியே இல்லை என்பார்கள். உண்டு, விலையில் ஒளிந்திருக்கும். 50,000 ரூபாய் முன்பணம், கிலோவுக்கு 10 ரூபாய் குறைத்து எடுக்கிறார், மாதம் 150 கிலோ போடுகிறீர்கள் என்று வையுங்கள். 1,500 ரூபாய் போகிறது. அதாவது நூற்றுக்கு மூன்று வட்டி.

அடுத்து தேதிக் கணக்கு. பெரும்பாலும் இங்கேதான் முடிவு தெரிந்துவிடும். கார்டில் வட்டியில்லா நாள்கள் பொதுவாக 45, மிஞ்சினால் 50. தடை 61 நாள். ஏப்ரல் 16-ல் வாங்கிய வலைக்கும் மளிகைக்கும் ஜூன் முதல் வாரத்துக்குள் முழுப் பணம் கட்டியாக வேண்டும். படகு இறங்குவதோ ஜூன் 15. அந்த இடைவெளியில் ‘குறைந்தபட்சத் தொகை’ கட்டித் தப்பிக்கலாம் என்று தோன்றும். 20,000 ரூபாய் பாக்கிக்கு ஒரு மாத வட்டி 700, ஜிஎஸ்டி 126. ஐந்து சதவீதமாக 1,000 கட்டினால் அசலில் கழிவது 174 ரூபாய்தான். முழுப் பணம் கட்டாத மாதத்தில் வட்டி, கெடு தேதியிலிருந்து அல்ல, பொருள் வாங்கிய தேதியிலிருந்து ஏறும். பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லா நாள் கிடையாது.

படகைக் கரையேற்றிப் பழுது பார்க்கும் செலவு இன்னொரு கண்ணி. பட்டறையில் ரொக்கம் கேட்பார்கள் என்று ஏடிஎம்மில் கார்டைப் போட்டால், எடுக்கும் கட்டணம் தனி, வட்டி அன்றைக்கே தொடங்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் வேண்டும் என்றால், விண்ணப்பத்துக்கு முன் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் கடன் அறிக்கையைப் பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்ற கடன் தகவல் நிறுவனங்கள் நான்கும் வருஷத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நாமே பார்த்தால் கடன் மதிப்பெண் குறையாது. வங்கி விண்ணப்பத்தின் பேரில் பார்த்தால்தான் பதிவாகும். அதனால் ஒரே வாரத்தில் நான்கு வங்கிக்குப் போடாதீர்கள்.

இந்தப் பக்கத்து அறிக்கைகளில் தேட வேண்டியவை: திருப்பி வைத்த நகைக் கடனில் பழைய கணக்கு மூடாமல் நிற்பது, மைத்துனர் படகுக் கடனுக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து, ‘க்ளோஸ்டு’ என்பதற்குப் பதில் ‘செட்டில்டு’ என்று இருப்பது, அதாவது குறைத்துப் பேசி முடித்த கடன். பான் அட்டையில் அப்பா பெயர் முழுசாகவும் ஆதாரில் வெறும் இனிஷியலாகவும் இருந்தால் விண்ணப்பம் அதிலேயே தட்டிப்போகலாம். அறிக்கையில் தவறு இருந்தால் அந்த நிறுவனத்திடமே புகார் கொடுக்கலாம். 30 நாளில் தீராவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி விதி.

மீன்பாட்டில் வரும் பங்குக் காசில் வாழும் வீட்டில் சம்பளச் சீட்டு இருக்காது. அப்போது வைப்புத் தொகை மேல் தரும் கார்டுதான் நடைமுறையில் கிடைக்கும். ஆனால் மூன்று வட்டிக்குக் கடன் வைத்துக்கொண்டு வைப்பில் பணம் முடக்குவது வீண். அந்தப் பணத்தில் முதலில் கடனை அடையுங்கள். தொழில் செலவுக்கு மீனவர்களுக்கான கிசான் கிரெடிட் கார்டை வங்கியில் கேளுங்கள். பெயர்தான் கார்டு, அது 7 சதவீதக் கடன், தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதம். வீட்டில் யாருக்காவது மாதச் சம்பளம் வந்து, கார்டு பில் முழுவதையும் அதிலேயே கட்ட முடிந்தால் மட்டும் மற்ற கார்டை யோசிக்கலாம்.

‘உங்க பேருக்கு ரெடியாயிருச்சு’ என்று போன் வந்து, கேட்காத கார்டு தபாலில் வந்துவிட்டால் அதை இயக்க வரும் ஓடிபியை யாருக்கும் சொல்லாதீர்கள். 30 நாள் வரை இயக்கப்படாத கார்டுக்கு வங்கி உங்கள் சம்மதம் கேட்க வேண்டும். தராவிட்டால் ஏழு வேலை நாளில் செலவில்லாமல் மூட வேண்டும்.