நாயகன் செய்தது சரியா?

மாயாஜாலக் கதை நாயகர்கள் பிள்ளைகளுக்கு நல்ல முன்மாதிரியா? வாசிப்பு வட்டம் நடத்துபவர்களிடம் பெற்றோர் அடிக்கடி கேட்பது இது. ஆளை மொத்தமாக எடைபோட்டால் விடை கிடைக்காது. ஹாரி பாட்டர் பொய் சொல்கிறான், விதியை மீறுகிறான். நண்பனுக்காக உயிரையும் பணயம் வைக்கிறான். ஒரே ஒரு முடிவை எடுத்துக்கொண்டால்தான் பேச்சு நகரும்.

ஐந்தாம் பாகம் (2003) இதற்குத் தோதானது. ஞானத்தந்தை சிரியஸை எதிரி சித்திரவதை செய்வதுபோல் ஹாரிக்கு மனக்காட்சி வருகிறது. பொறியாக இருக்கலாம் என்கிறாள் தோழி ஹெர்மயனி. அவன் விசாரித்தும் பார்க்கிறான். சிரியஸ் வீட்டு வேலைக்காரக் குட்டிப்பூதம் கிரீச்சர் பொய் சொல்லிவிடுகிறது. ஹாரி சிரியஸை மீட்கக் கிளம்புகிறான், அவனைக் காப்பாற்ற வந்த சிரியஸ்தான் சாகிறார். அவரோடு பேசுவதற்கென்றே அவர் கொடுத்த மாயக் கண்ணாடி, பிரிக்காமலே பெட்டியடியில் கிடந்தது.

பிள்ளைகளோடு படிக்கும்போது, ஹாரி கிளம்பும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட வேண்டும். மூன்று கேள்விகள் போதும்: அவனுக்கு உறுதியாகத் தெரிந்தது எது? இன்னும் யாரிடம் கேட்டிருக்கலாம்? கணிப்பு தப்பினால் அடி யாருக்கு? பதிலைத் துண்டுச்சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு மீதியைப் படிக்கலாம். முடிவைப் படித்தபின் கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் ஞானிகளாகிவிடுவார்கள். “என்ன கற்றுக்கொண்டாய்?” என்று கேட்பது அதைவிட மோசம். “துணிச்சல்” என்று நமக்குப் பிடித்த பதிலைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள்.

மந்திரக்கோலைப் பார்த்துப் பிள்ளை கெட்டுவிடும் என்ற பயம் வீண். கவனிக்க வேண்டியது வேறு. இந்தக் கதைகளில் பெரியவர்கள் இறந்திருப்பார்கள், தொலைவில் இருப்பார்கள், அல்லது நம்ப மாட்டார்கள். அவர்கள் உதவிக்கு வந்துவிட்டால் சிறுவனுக்குக் கதையில் வேலையே இருக்காது. இது எழுத்தாளரின் வசதி என்பதைப் பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ‘ஆபத்தென்றால் பெரியவர்களிடம் சொல்லாதே’ என்பதுதான் மனதில் தங்கும்.

பிறவியிலேயே தேர்ந்தெடுக்கப்பட்ட நாயகனைவிடத் துணைப்பாத்திரங்கள் பல நேரம் பயன்படுவார்கள். முதல் பாகத்தில் (1997) இரவில் விதியை மீறிக் கிளம்பிய ஹாரி முதலான நண்பர்களையே வழிமறித்த சக மாணவன் நெவிலுக்குப் பள்ளியில் 10 புள்ளிகள் கிடைக்கின்றன. அவர்கள் போகும் காரணம் அவனுக்குத் தெரியாது. அதைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் நன்றாகவே சண்டை போடுவார்கள்.

பதினொரு வயதுக்கு மேல் உர்சுலா லெ குவினின் ‘எ விசார்ட் ஆஃப் எர்த்சீ’ (1968) எடுக்கலாம். முழுதும் படிக்க நேரமில்லையென்றால் நான்காம் அத்தியாயம் போதும். சக மாணவன் ஜாஸ்பரின் சீண்டலுக்காக, தன் திறமையைக் காட்ட, மந்திரப் பள்ளி மாணவனான நாயகன் கெட் இறந்தவள் ஒருத்தியின் ஆவியை அழைக்கிறான். அதோடு தீய நிழல் ஒன்றும் வெளியே வந்துவிடுகிறது. திறந்த வாசலை அடைத்து உயிரை விடுபவர் முதிய தலைமை மந்திரவாதி நெம்மர்ல். மூன்றாவது கேள்வி இங்கே தானாகவே வரும்.