ஸ்போர்ட்ஸ் கார்காரர்தான் முதலில் மைலேஜ் பார்க்க வேண்டும்

"இவ்வளவு பெரிய காரை வாங்கிட்டு மைலேஜ் பார்க்கலாமா?" இதை என்னிடம் கேட்காத ஆள் புதுச்சேரியில் குறைவு. பங்க்கில் பெட்ரோல் போடும் தம்பி மட்டும் வேறு மாதிரி. "தப்பா நினைச்சுக்காதீங்க சார், லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்?" என்று நேராகவே கேட்டுவிடுவார். அவர் கேட்பதுதான் சரி. மைலேஜ் பார்க்க வேண்டிய முதல் ஆள் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுபவர்தான், ஸ்விஃப்ட் ஓட்டுபவரெல்லாம் அப்புறம். பேச்சுக்குச் சொல்லவில்லை, கணக்கே அப்படித்தான் வருகிறது.

லிட்டருக்கு 18 கி.மீ. தரும் காரை ஒருவர் பக்குவமாக ஓட்டி 22-க்குக் கொண்டுவந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல கை. ஆனால் 100 கி.மீ. போக முன்பு 5.6 லிட்டர் ஆனது, இப்போது 4.5 லிட்டர் ஆகிறது, மிச்சம் ஒரு லிட்டரும் சொச்சமும். என் ஸ்போர்ட்ஸ் கார் 5-இலிருந்து 6-க்கு வந்தால்? 20 லிட்டர் குடித்த இடத்தில் 16.7 லிட்டர். மிச்சம் 3.3 லிட்டர்! அவர் நாலு கிலோமீட்டர் கூட்டி மிச்சம் பிடித்ததைப்போல மூன்று மடங்கு, நான் ஒரே ஒரு கிலோமீட்டர் கூட்டியதில் மிச்சமாகிறது. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்றே பேசிப் பழகிவிட்டதால் இது நம் கண்ணில் படுவதில்லை. ஐரோப்பாவில் செய்வதுபோல நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று போட்டுப் பாருங்கள், உடனே தெரிந்துவிடும். நாலும் ஐந்தும் தரும் வண்டியில் அரை கிலோமீட்டர் கூடினாலும் அது கையில் நிற்கும் காசு.

என்னுடையது ஃபோர்டு மஸ்டாங் ஜிடி. 2016இல் இந்தியாவுக்கு வந்தது, 5 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர் இன்ஜின்), ஏறக்குறைய 400 குதிரைத்திறன், ஆறு கியர் ஆட்டோமேட்டிக். செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கவரை எடுத்துத் துடைத்து ஒரு ரவுண்டு போய்விட்டு மறுபடி மூடி வைக்கிற வண்டியாக அதை வைத்திருக்க எனக்கு மனசு வரவில்லை, ஓட்டத்தானே வாங்கினோம், லாஸ்பேட்டையிலிருந்து கடலூர் மஞ்சக்குப்பத்துக்கு வேலைக்குப் போவதும் அதில்தான், வீட்டுக்கு அரிசி மூட்டை வருவதும் அதன் டிக்கியில்தான்.

டேஷ்போர்டு காட்டும் மைலேஜை நான் கணக்கில் எடுப்பதில்லை. அது பெரும்பாலும் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். டேங்க்கை நிரப்பி, கன் தானாக டக்கென்று நிற்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். "ரவுண்டா போட்டுடட்டுமா சார்?" என்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும், அந்த ரவுண்டிலேயே கணக்கு கெட்டுவிடும். ஓடோமீட்டரைக் குறித்துக்கொண்டு, அடுத்த தடவையும் அதே பங்க்கில் அதே பம்ப்பில் அதே மாதிரி நிரப்பினால் ஓடிய தூரத்தை லிட்டரால் வகுப்பதுதான் உண்மையான மைலேஜ்.

அப்படிப் பார்த்தால் எனக்குக் கிடைப்பது இது: சாயந்திர நேரத்தில் ஊருக்குள் மட்டும் சுற்றினால் நாலரை. கடலூர் போய்வரும் நாட்களில் ஏழு. விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டு தாண்டி மரக்காணம் வரை 80, 85 வேகத்தில் ஒரே சீராகப் போனால் பத்தரை. கார் ஒன்றுதான், ஓட்டுபவனும் ஒருவன்தான், ஆனால் ஒரு கோடிக்கும் மறு கோடிக்கும் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். "மஸ்டாங் எவ்வளவு தரும்" என்பதற்கு ஒற்றை எண்ணில் யாராவது பதில் சொன்னால் எந்த ரோட்டில், எந்த நேரத்தில் என்று திருப்பிக் கேளுங்கள்.

ஊருக்குள் ஏன் இப்படிக் குடிக்கிறது என்றால், முதல் காரணம் இன்ஜினின் அளவு. நூறடி சாலையில் 30 வேகத்தில் ஊர்ந்து போக 400 குதிரையில் பத்துக் குதிரை இருந்தால் போதும். மீதியை அடக்கி வைப்பதற்காக, காற்று உள்ளே போகும் வழியில் இருக்கும் த்ராட்டில் ஏறக்குறைய மூடியபடியே இருக்கும், எட்டு பிஸ்டனும் அந்தச் சின்ன இடுக்கு வழியாகக் காற்றை இழுக்கப் போராட வேண்டும், ஸ்ட்ராவை விரலால் நசுக்கிக்கொண்டு இளநீர் உறிஞ்சுவது போல. அந்த இழுப்புக்கே பெட்ரோல் போகிறது. எட்டு சிலிண்டரின் உராய்வும் சேர்த்தி. சின்ன இன்ஜினில் த்ராட்டில் இன்னும் நன்றாகத் திறந்திருக்கும், அதனால் இதே வேகத்துக்கு அது சிக்கனமாக ஓடுகிறது.

சும்மா நிற்கும்போதும் செலவுதான். ஏசியோடு நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருந்தாலே மணிக்கு ஒன்றரை, இரண்டு லிட்டர் ஆகிவிடும். இந்திரா காந்தி சதுக்கத்தில் சாயந்திரம் இரண்டு சிக்னல் தவறவிட்டாலும், ஏ.எஃப்.டி. மில் பக்கம் ரயில்வே கேட் போட்டாலும் அந்த நேரத்துக்கு மைலேஜ் சுத்தமாகப் பூஜ்யம். கேட்டில் மாட்டினால் நான் இன்ஜினை அணைத்துவிடுவேன். முடிந்தவரை அந்தப் பக்கமே போகாமல் நூறடி சாலை மேம்பாலம் ஏறி மரப்பாலத்தில் இறங்குவேன், தூரம் கொஞ்சம் கூடினாலும் பெட்ரோல் குறைவாகவே ஆகிறது.

ஆனால் பெரிய திருடன் சிக்னல் கிடையாது, ஸ்பீடு பிரேக்கர். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். கார், நான், என் பை எல்லாம் சேர்த்து 1,800 கிலோ. இதை நின்ற நிலையிலிருந்து 60 வேகத்துக்குக் கொண்டுவர ஏறக்குறைய 250 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் பெட்ரோலில் 32 மெகாஜூல் இருக்கிறது, ஆனால் ஊர் ஓட்டத்தில் அதில் ஐந்தில் ஒரு பங்கு சக்கரத்துக்கு வந்தாலே பெரிது. கணக்குப் போட்டால் ஒவ்வொரு தடவை 60-ஐத் தொடவும் 40 மில்லி பெட்ரோல். பிரேக்கை மிதித்ததும் அத்தனையும் டிஸ்க்கில் சூடாகிக் காற்றில் போய்விடுகிறது. இந்தக் காரோ தாழ்வானது, வயிறு இடிக்காமல் இருக்க ஸ்பீடு பிரேக்கர் மேல் கோணலாக, நடக்கும் வேகத்தில் ஏற்றித்தான் இறக்க வேண்டும், மற்ற கார்கள்போல 20-இல் தாண்ட முடியாது. ஆக ஒரு ஸ்பீடு பிரேக்கருக்கு நாலு ரூபாய்க்குக் கிட்ட. அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில் என்று பஸ் நிற்கிற, பள்ளிக்கூடம் விடுகிற, ஆடு குறுக்கே வருகிற ஊர்கள் வரிசையாக இருக்கும் சாலை கடலூர் ரோடு. அங்கே மெதுவாகத்தான் போக வேண்டும், அதில் எனக்கு வருத்தமே இல்லை. 60-ஐத் தொட்டுவிட்டு பிரேக் போடுவதா, முன்கூட்டியே காலை எடுத்துவிட்டு உருண்டு வருவதா என்பது மட்டும் என் கையில் இருக்கிறது.

உருண்டு வருவது என்றால் நியூட்ரலில் போடுவது அல்ல. நிறைய பேர் இன்னமும் நியூட்ரலில் போட்டால் மிச்சம் என்றே நம்புகிறார்கள். இப்போதைய இன்ஜெக்‌ஷன் இன்ஜின்களில் கியரில் இருக்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை முழுசாக எடுத்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலையே நிறுத்திவிடும், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் போயாக வேண்டும், போதாததற்கு இன்ஜின் பிரேக்கும் கிடைக்காது, ஆபத்து வேறு. தவளக்குப்பம் சிக்னல் தூரத்தில் சிவப்பாகத் தெரிந்ததுமே காலை எடுத்துவிட்டால், போய்ச் சேரும்போது பச்சையே விழுந்திருக்கும். பின்னால் வருகிறவர் ஹார்ன் அடிப்பார். அடிக்கட்டும், சிக்னலை இருவரும் ஒன்றாகத்தானே தாண்டப் போகிறோம்.

கிளம்பும்போது ஆமை மாதிரி கிளம்ப வேண்டும் என்று சொல்வதையும் நான் ஏற்பதில்லை. காலைப் பாதி அளவுக்கு அழுத்தி நன்றாக இழுத்து, வேண்டிய வேகம் வந்ததும் விட்டுவிட்டால் ஆட்டோமேட்டிக் சீக்கிரம் மேல் கியருக்குப் போய்விடும். வி8-இல் அதில் ஒரு சுகமும் இருக்கிறது, நிமிடத்துக்கு 1,500 சுற்றில் ஆறாவது கியரில் அது அடித்தொண்டையில் முணுமுணுத்துக்கொண்டே போவதைக் கேட்க வேண்டும்.

நெடுஞ்சாலையில் விஷயம் வேறு, அங்கே எதிரி காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும், 80-இல் இருப்பதைப்போல 120-இல் 2.25 மடங்கு. சென்னைக்குப் போகும்போது 85-இல் பத்தரை தருவது 120-இல் எட்டுக்கு இறங்கிவிடும். கார்த்திகை, மார்கழியில் இன்னொன்று கவனித்திருக்கிறேன். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும், சென்னைக்குப் போகும்போது அது எதிரே, திரும்பும்போது முதுகில். அதே வேகத்தில் ஓட்டினாலும் போகும்போது குறையும், வரும்போது கூடும்.

டயர் காற்று வாரம் ஒருமுறை, காலையில் வண்டி சூடாகும் முன்பு. பின் டயர் 275 மி.மீ. அகலம், காற்று குறைந்தால் ரோட்டை அப்பிப் பிடித்துக்கொள்ளும். ஏசியை நிறுத்தினால் இந்த அளவு இன்ஜினில் பெரிசாக ஒன்றும் மிச்சமாகாது, கத்திரி வெயிலில் அந்தத் தவம் தேவையில்லை.

சரி, பெட்ரோல். 2025இலிருந்து 20 சதவீத எத்தனால் கலந்ததுதான் எங்கும் வருகிறது. எத்தனாலில் பெட்ரோலைவிட ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு குறைவு, ஆகவே கலவையில் 6, 7 சதவீதம் குறைந்தே தீரும். சிறிய காரில் அது கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், எனக்கு நூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் கூடுதலாக ஆகிறது. ஆக்டேன் கூடின பெட்ரோல் போட்டால் மைலேஜ் ஏறுமா என்று கேட்கிறார்கள். ஆக்டேன் என்பது பெட்ரோல் தானாக வெடிக்காமல் தாங்கும் அளவு, அது கூடினால் ஆற்றல் கூடாது. இந்த இன்ஜினின் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் கலவையை நசுக்கும் அளவு, 11-க்கு 1, வெயிலில் லோடு விழும்போது தட்டல் (கலவை தானாக வெடிப்பது) வராமலிருக்கக் கம்ப்யூட்டர் ஸ்பார்க்கைத் தள்ளிப்போடும், அப்போது கொஞ்சம் வீணாகும், ஆக்டேன் கூடின பெட்ரோல் அதைத் தடுக்கும். கோடையில் நான் அதைத்தான் போடுகிறேன். மற்ற மாதங்களில் சாதா பெட்ரோலுக்கும் அதற்கும் என் நோட்டில் வித்தியாசம் தெரியவில்லை.

விலையிலும் நமக்கு ஒரு வசதி உண்டு. புதுச்சேரியில் வரி குறைவு, தமிழ்நாட்டைவிட லிட்டருக்கு நாலைந்து ரூபாய் மிச்சம். கடலூர்க்காரர்கள் எல்லையில் இருக்கும் முள்ளோடை வரை வந்து போட்டுக்கொண்டு போவது அதனால்தான். எனக்கு வீட்டுப் பக்கமே கிடைக்கிறது, 60 லிட்டர் டேங்க்குக்கு 250 ரூபாய் நிற்கிறது.

இந்த மாதிரி கார் செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா என்று கேட்கும் தம்பிகளுக்கு: லிட்டர் 96 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஊருக்குள் கிலோமீட்டருக்கு 21 ரூபாய், கடலூர் ரோட்டில் 14, காலி நெடுஞ்சாலையில் 9. உங்கள் தினசரி ஓட்டம் இதில் எந்த ரகம் என்று முதலில் பாருங்கள். நெல்லித்தோப்புக்கும் நேரு வீதிக்கும் நடுவில்தான் உங்கள் வாழ்க்கை முழுக்க என்றால் கையில் ஒரு ஸ்கூட்டரையும் வைத்துக்கொண்டு இதை வாங்குங்கள். ஊரைவிட்டு வெளியே போய்வருகிற வேலை என்றால் தைரியமாக வாங்கித் தினமும் ஓட்டுங்கள்.