கரண்ட் திரும்பி வரும்போது கை எங்கே இருக்கிறது?

ஹோட்டல் கிரைண்டரில் உளுந்து ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகிறது. அதற்குள் மாவை வழித்துவிடலாம் என்று கை உள்ளே போகிறது. சுவிட்ச் ஆனிலேயே இருக்கிறது. கரண்ட் வந்ததும் கல் சுற்றும்.

"பார்த்துச் செய்யப்பா" என்று சொல்லி இதைத் தடுக்க முடியாது. சாதா சுவிட்சைக் கழற்றிவிட்டு, பச்சை, சிவப்புப் பொத்தான் வைத்த டிஓஎல் ஸ்டார்ட்டர் (மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் உள்ள சுவிட்ச் பெட்டி) போடுங்கள். அதிலுள்ள நோ-வோல்ட் காயில் என்ற கம்பிச்சுருள், கரண்ட் போனதுமே தொடர்பைத் துண்டித்துவிடும். பிறகு பச்சையை அழுத்தினால்தான் மெஷின் ஓடும். போட்ட பிறகு சோதித்துப் பாருங்கள்: மெஷின் ஓடும்போது மெயினை அணைத்துத் திரும்பப் போடுங்கள். தானாக ஓடினால் வயரிங் தப்பு. இன்னொன்று: சில மோட்டார்கள் சூடேறினால் தாமே நின்று, ஆறியதும் தாமே ஓடும். நின்ற மெஷினில் முதல் வேலை சிவப்புப் பொத்தான்.

தேங்காய் துருவும் மெஷினில் ஆபத்து வேறு. மோட்டார் தண்டிலேயே பல் இருந்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1440 சுற்று, நொடிக்கு 24. கையை இழுத்துக்கொள்ள கால் நொடி ஆனாலும் அதற்குள் பல் ஆறு முறை சுற்றிவிடும். உள்ளே சதை மெலிந்து, கையில் பாலும் ஈரமும் சேர்ந்த கடைசிக் கட்டத்தில்தான் தேங்காய் மூடி நழுவும். அடியில் ஒட்டிய கொஞ்சத்துக்காக அழுத்தாதீர்கள், விட்டுவிடுங்கள். உடைந்த சில்லுகளை இதில் பிடிக்கவே கூடாது, மிக்ஸிக்குப் போகட்டும். மிதித்தால் ஓடி, காலை எடுத்தால் நிற்கும் பெடல் சுவிட்ச் இங்கே ரொம்ப நல்லது. ஆனாலும் அணைத்த பிறகு பல் சில நொடி சுற்றும்; அது நிற்கும்வரை கை விலகியே இருக்க வேண்டும்.

காய் வெட்டும் மெஷினில் மூடியைத் திறந்தால் மோட்டார் நிற்க ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அவசரத்தில் அதை டேப் ஒட்டி அமுக்கி வைக்கிறார்கள். முதலாளியோ மாஸ்டரோ தினமும் காலையில் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். நிற்காத மெஷினை அன்றைக்கு ஓட்டக் கூடாது. காயையோ கறியையோ தள்ள, கூட வந்த தள்ளுகட்டைதான், விரல் அல்ல.

சுற்றும் மெஷினில் துணிக் கையுறை கூடாது, நூல் சிக்கினால் கையையும் சேர்த்து இழுக்கும். மோதிரம், வளையல், காசிக்கயிறு, தோளில் துண்டு எல்லாமே அப்படித்தான். வெட்டுத் தாங்கும் கையுறை, பிளேடைக் கழற்றிக் கழுவும்போது மட்டும். கழுவும்போது பிளக் பிடுங்கப்பட்டு, கழுவுபவர் கண்ணெதிரே கிடக்க வேண்டும். த்ரீ-பேஸ் என்றால் ஐசோலேட்டருக்கு (மெஷினுக்கு வரும் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) பூட்டு, சாவி அவர் இடுப்பில்.

கறி அரைக்கும் மெஷினில் கை சிக்கினால் இழுக்காதீர்கள், ரிவர்ஸும் போடாதீர்கள். மெயினை அணைத்து 108-ஐ அழையுங்கள். மெஷினின் முன்பாகம் கழன்றால் கையோடு சேர்த்தே மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம். விரல் துண்டானால், சலைனில் (மருத்துவ உப்புநீர்) நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியில் துண்டைச் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். ஐஸ் நேராகப் பட்டால் சதை கெட்டுவிடும். சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. உங்கள் ஊரில் அப்படி எங்கே இருக்கிறது என்று இன்றே விசாரித்து, அந்த நம்பரை ஸ்டார்ட்டர் பெட்டி மேல் ஒட்டிவிடுங்கள்.