ஹெவி பெப்டைடை எப்போது சேர்ப்பது?

மாஸ் ஸ்பெக்கில், அதாவது அயனிகளின் நிறையை அளக்கும் கருவியில், பீக் பெரிதாக வந்தால் அந்தப் புரதம் அதிகம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. புரதத்தை வெட்டிய சிறு துண்டுகளான பெப்டைடுகளைத்தான் கருவி பார்க்கிறது; அவற்றில் ஒன்று சட்டென அயனியாகும், இன்னொன்று ஆகாது. கூடவே வரும் உப்பும் கொழுப்பும் சிக்னலை அமுக்கும். அதனால்தான் அதே அமினோ அமில வரிசையில், கடைசி லைசினில் மட்டும் கனமான ஐசோடோப்புகளான கார்பன்-13, நைட்ரஜன்-15 வைத்து 8 டால்டன் கனமாக்கிய ஹெவி பெப்டைடைத் தெரிந்த அளவில் கலக்கிறோம். இரண்டும் குரோமட்டோகிராபித் தூணிலிருந்து சேர்ந்தே வெளிவரும், சேர்ந்தே அமுங்கும். விகிதம் அப்படியே நிற்கும். டியூட்டிரியம் (கன ஹைட்ரஜன்) போட்டது சற்று முன்னதாகவே வந்துவிடும், அதை வாங்காதீர்கள்.

பழகுவதற்கு பிஎஸ்ஏ, அதாவது மாட்டு சீரம் ஆல்புமின், போதும். அதன் எல்-வி-என்-இ-எல்-டி-இ-எஃப்-ஏ-கே பெப்டைடில் (ஒவ்வொரு எழுத்தும் ஒரு அமினோ அமிலம்; டி இங்கே திரியோனின்) சிஸ்டீனும் இல்லை, ஆக்சிஜன் ஏறும் மெத்தியோனினும் இல்லை. இரண்டு சார்ஜில் அதன் நிறை-சார்ஜ் விகிதம் 582.3, ஹெவி 586.3. அதை உடைத்தால் வரும், கடைசி எட்டு அமினோ அமிலங்கள் கொண்ட, ஒரு சார்ஜ் ஒய்8 துண்டு 951.5; ஹெவியில் 959.5. முழு பெப்டைடைத் தேர்ந்தெடுக்கும் முதல் குவாட்ருபோலில் (நிறை வடிகட்டியில்) வித்தியாசம் 4, துண்டைத் தேர்ந்தெடுக்கும் மூன்றாவதில் 8. இரண்டிலும் 8 போட்டுவிட்டு ஹெவி பீக்கைத் தேடுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு.

முதலில் புரதத்தை விரித்து, சிஸ்டீன் பிணைப்புகளை அவிழ்க்க 8 மோலார் யூரியா, 5 மில்லிமோலார் டிடிடி, 37 டிகிரியில் ஒரு மணி நேரம். அவசரப்பட்டு 60 டிகிரிக்கு ஏற்றினால் யூரியா சிதைந்து லைசினில் 43 டால்டன் ஒட்டும்; அந்த இடத்தைப் புரதம் வெட்டும் நொதியான டிரிப்சின் வெட்டாது. பிறகு அவிழ்ந்த சிஸ்டீன்கள் மீண்டும் இணையாதபடி 15 மில்லிமோலார் அயோடோஅசிட்டமைடு, இருட்டில் 30 நிமிடம். அமோனியம் பைகார்பனேட் விட்டு யூரியாவை 1 மோலாருக்குக் கீழே இறக்கி, 50 பங்கு புரதத்துக்கு 1 பங்கு டிரிப்சின், 37 டிகிரி, 16 மணி நேரம்.

இனி முக்கியமான கேள்வி. டிரிப்சின் வேலை முடிந்து, உப்பை நீக்கும் சி18 சுத்திகரிப்புக்கு முன்னால் ஹெவியைச் சேர்த்தால், சி18-இல் போகும் இழப்பும் கருவியின் ஏற்ற இறக்கமும் சரியாகிவிடும். வெட்டுப்படாமல் நின்றுபோன புரதத்துக்கு அது பொறுப்பேற்காது, ஏனென்றால் ஹெவி ஏற்கெனவே வெட்டிய துண்டு. அதனால் 1, 2, 4, 8, 16 மணி நேரங்களில் கொஞ்சம் எடுத்து, ஃபார்மிக் அமிலம் விட்டு நிறுத்தி, ஒரே அளவு ஹெவி சேர்த்து ஓட்டிப் பாருங்கள். சாம்பிளுக்கும் ஹெவிக்கும் உள்ள விகிதம் ஓரிடத்தில் ஏறாமல் நின்றுவிட வேண்டும். 16-இலும் ஏறிக்கொண்டிருந்தால் உங்கள் எண் குறைவாகத்தான் வரும். இறங்கினால் பெப்டைடு சிதைகிறது, அல்லது குழாய்ச் சுவரில் ஒட்டுகிறது. வெட்டும் படியையும் சேர்த்துத் திருத்த முழு ஹெவி புரதம்தான் வேண்டும்.

ஹெவி 50 ஃபெம்டோமோல், விகிதம் 0.4 என்றால் விடை 20. ஆனால் குப்பியிலுள்ள பொடியில் 70 சதவீதம்தான் பெப்டைடு, மீதி உப்பும் ஈரமும் என்றால், போட்டது உண்மையில் 35, விடை 14. அமினோ அமில ஆய்வு செய்து அளவு சொன்ன குப்பியையே வாங்குங்கள்.

பீக் 20 நொடி அகலம் என்றால் கருவி எல்லாத் துண்டுகளையும் ஒருமுறை அளக்கும் சுற்று 2 நொடிக்குள் முடிய வேண்டும்; அப்போதுதான் 10 புள்ளி கிடைக்கும். ஒரு பெப்டைடுக்கு மூன்று துண்டுகள் பாருங்கள். அவற்றின் பரப்பு விகிதம் ஹெவியில் ஒரு மாதிரியும் சாம்பிளில் வேறு மாதிரியும் இருந்தால், வேறெதுவோ உள்ளே நுழைந்திருக்கிறது. தெரிந்த அளவுகளை வைத்து வரையும் அளவுத்திருத்த நேர்கோட்டுக்கு 1/எக்ஸ்² (எக்ஸ் என்பது அளவு) எடை கொடுங்கள். இல்லாவிட்டால் மேல்முனைப் புள்ளிகள் கோட்டைத் தம் பக்கம் இழுத்துவிடும். கோட்டிலிருந்து திரும்பக் கணக்கிட்ட அளவு உண்மை அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள், மிகக் குறைந்த அளவுப் புள்ளியில் 20-க்குள் வர வேண்டும். அந்தப் புள்ளி மட்டும் எப்போதும் குறைவாக வந்தால், வெறும் கரைசலில் நீர்க்க வைத்திருப்பீர்கள். சில ஃபெம்டோமோல் முழுக்கச் சுவரிலேயே ஒட்டிவிடும். ஒட்டாத லோ-பைண்ட் குழாயில், வேறொரு புரதத்தின் டிரிப்சின் வெட்டைக் கலந்து நீர்க்க வையுங்கள்.