வாக்குரிமை இல்லாத பங்கு

முதலீட்டு நிறுவனம் ஒன்றில், சிறிய லீக்குகளின் கால்பந்து கிளப்புகளுடைய கணக்குகளை அலசி அறிக்கை எழுதுவது சில காலம் என் வேலை. முதலில் என் மேசைக்கு வந்தது ஸ்காட்லாந்து. 1985இல் பயிற்சியாளர் அலெக்ஸ் பெர்குசனின் அபெர்டீன் கிளப் லீக் பட்டம் வென்றது. அதன் பிறகு 2025 வரை, 40 சீசன்களில் செல்டிக், ரேஞ்சர்ஸ் இரண்டைத் தவிர வேறு யாரும் வென்றதில்லை.

"விலை மலிவு, வளர இடமுண்டு" என்று எழுதிக் கொடுத்தேன். மேலதிகாரி படித்துவிட்டு, "அந்த இடத்தை இவர்கள் இருவரும் விட்டுக்கொடுப்பார்களா?" என்று மட்டும் கேட்டார்.

மறுபடி கணக்குக்குள் இறங்கினேன். செல்டிக் மைதானத்தில் சுமார் 60,000 இருக்கைகள்; ஹார்ட்ஸ் கிளப்பின் டைன்காசிலில் சுமார் 20,000. டிக்கெட் வசூல் சொந்த மைதானத்தாருக்கே. ஜெயித்தவர் ஐரோப்பியப் போட்டிக்குப் போகிறார், அந்தப் பணத்தில் நல்ல ஆட்டக்காரர்களை வாங்குகிறார், மறுபடி ஜெயிக்கிறார். முன்பு 12 கிளப்புகள் கொண்ட பிரீமியர் லீக்கில் வருமானப் பங்கீட்டை மாற்ற 11 வாக்குகள் வேண்டும் என்று விதி இருந்தது. பெரியவர்கள் இருவரும் கைகோத்தால் எதுவும் நகராது.

அதிக நாள் நான் உட்கார்ந்திருந்தது கிரெட்னா கிளப்பின் கோப்பில்தான். சுமார் 3,000 பேர் வாழும் எல்லையோர ஊர். புரூக்ஸ் மைல்சன் என்ற செல்வந்தரின் பணத்தில் 2005, 2006, 2007 என்று அடுத்தடுத்து மூன்று முறை மேல் பிரிவுக்கு ஏறியது. 2006இல் ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி ஆட்டத்தில் பெனால்டியில்தான் தோற்றது. பிரீமியர் லீக்குக்கு வந்தபோது சொந்த மைதானம் தகுதி பெறவில்லை. மதர்வெல்லில் இரவல் மைதானம். ஓர் ஆட்டத்துக்கு வந்தவர்கள் 431 பேர். மைல்சன் நோயில் விழ, பணம் நின்றது. 2008இல் கிளப்பே கலைக்கப்பட்டது. பணம் கொட்டிய காலத்துக் கணக்குகள் பார்ப்பதற்கு எவ்வளவு செழிப்பாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த இறுதி ஆட்டத்தில் வென்ற ஹார்ட்ஸின் கதையும் அப்படி ஒன்றும் வேறல்ல. லிதுவேனிய வங்கி அதிபர் விளாடிமிர் ரோமனோவ் 2005இல் அதைக் கைப்பற்றினார். 2013இல் வங்கி சரிந்தது, கிளப் நொடித்தது. மாதாமாதம் சந்தா கட்டி அதை மீட்டவர்கள் ரசிகர்கள். 2021இல் பெரும்பான்மைப் பங்கு அவர்களின் அறக்கட்டளைக்கு வந்தது.

2025இல் இங்கிலாந்தின் பிரைட்டன் கிளப் உரிமையாளர் டோனி புளூம் ஹார்ட்ஸில் 98.6 லட்சம் பவுண்டு போட்டு 29 சதவீதப் பங்கு எடுத்தார். வாக்குரிமை கிடையாது. பெல்ஜியத்தில் இரண்டாம் பிரிவில் கிடந்த யூனியன் செயின்ட் ஜிலுவாஸை 2018இல் வாங்கியவர் அவர். 90 ஆண்டுகளுக்குப் பிறகு அது பட்டம் வென்றதும் அதே 2025இல்தான். அவர் கொண்டுவந்தது பணத்தோடு, ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் புள்ளிவிவர முறையும்.

செய்தியைப் படித்த அன்று என் பழைய மதிப்பீட்டுப் படிவத்தை எடுத்தேன். முதல் வரி "கட்டுப்பாடு", அதாவது கிளப்பின் முடிவுகள் முதலீட்டாளர் கையில் எவ்வளவு இருக்கும் என்பது. அதற்குத்தான் அதிக மதிப்பெண் வைத்திருந்தேன். புளூமின் ஒப்பந்தத்துக்கு அதில் பூஜ்யம். விளையாட்டாக, ரோமனோவின் 2005 ஒப்பந்தத்தையும் போட்டுப் பார்த்தேன். முழு மதிப்பெண் விழுந்தது.